அசலும் நகலும்

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று போன் செய்து விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. உடம்பு நன்றாகவே இருக்கிறது. கதிர்காமத்து வீட்டின் பின்னறையில், ஆபீசுக்குப் போகிறவன் மாதிரி காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்து, பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். எழுபத்தைந்து வயதில் இது உனக்குத் தேவையா என்று கேட்பீர்கள். தேவைப்பட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பேத்தி. பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள், பதினேழு வயது நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "தாத்தா, ஆயா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். என் மனைவி 2013-ல் காலமானபோது இவளுக்கு ஐந்து வயது. ஆயாவின் முகம் போட்டோவில் தெரியும். குரல் போட்டோவில் வராதே. பதில் சொல்ல வாயெடுத்தேன். முப்பத்தெட்டு வருஷம் தினமும் கேட்ட குரல், ஆனால் எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அன்று ராத்திரியே பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன்.

பெட்டியில் பதினோரு கேசட் இருந்தது. ஏழு பெரிய வி.எச்.எஸ். கேசட். நான்கு சின்ன மினி டி.வி. கேசட். இந்த டி.வி. தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். 1990-ல் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, 1991-ல் இந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா, 2004-ல் மகள் கல்யாணம், 2008-ல் வளைகாப்பு, இப்படிக் குடும்பத்தின் கணக்கு முழுக்க அதற்குள் இருந்தது. இவற்றோடு, பிரான்சிலிருந்து வந்த கேசட் ஒன்று.

அந்தக் கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1962 ஆகஸ்டு 16-க்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று இருந்தது நம்மூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர், பாதிப் பேர் இந்தியர். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, சொல்தாவாகப் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1988-ல் அவர் மகள் கல்யாணம் அங்கே நடந்தது. எங்களால் போகமுடியவில்லை. கல்யாணப் பட்டை மட்டும் என் மனைவி காஞ்சிபுரம் போய் எடுத்து அனுப்பினாள். பிறகு அண்ணன் கல்யாணக் கேசட்டை அனுப்பினார். டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து வந்தோம். தெருவில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேசட்டைப் போட்டால் கறுப்பு வெள்ளையில் ஓடியது! டெக்குக்காரர் எதை எதையோ திருகிப் பார்த்தார். நிறம் வரவே இல்லை. "எங்க பட்டு எடுத்து அனுப்பினே, சாம்பல் கலரா இருக்கே" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "அது அரக்கு, மாம்பழ மஞ்சள்ல பார்டர்" என்று என் மனைவி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காரணம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. இந்தியாவில் வீடியோவுக்குப் பால் முறை, பிரான்சில் சேகாம் முறை. (இந்தப் பால் குடிக்கிற பால் இல்லை.) இரண்டிலும் ஒரு படத்துக்கு 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். அதில் ஒற்றுமை. நிறத்தைப் பதிகிற விதத்தில்தான் வேற்றுமை. அதனால் உருவம் வந்தது, நிறம் வரவில்லை. எங்கள் குடும்பம் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மருமகன் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தது. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றை வாங்கினேன். டெக்கு என் பழைய டெக்கு, பத்து வருஷமாக ஓடாமல் கிடந்தது. புது டெக்கு இனிமேல் உலகத்தில் எங்கும் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் பூனாய் கம்பெனி 2016-லேயே நிறுத்திவிட்டது. ஓடுகிறதே, அதுவே போதும் என்று புதுமனை புகுவிழா கேசட்டைப் போட்டேன். படம் உருண்டுகொண்டே இருந்தது, நிறமும் இல்லை. பிறகு பார்த்தால், அந்தக் கருவி அமெரிக்க முறைக்கு வைக்கப்பட்டிருந்தது. பால் முறைக்கு மாற்றியதும் படம் நின்றது, நிறமும் வந்தது. 1988 ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன்.

அடுத்து, எந்த அளவில் பதிவு செய்யவேண்டும் என்று கேட்டது. 720-க்கு 576 என்று ஒன்று, 352-க்கு 288 என்று ஒன்று. லேப்டாப்பில் இடம் கம்மி. சின்னதே போதும் என்று அமுக்கினேன். அரசாங்க வேலையில் ஊறிய சிக்கனம்! அந்தச் சின்ன அளவு என்பது பெரிய அளவில் கால் பங்குதான். கேசட்டில் இருப்பதில் முக்கால் பங்கை நானே தூக்கி எறிகிறேன் என்று அப்போது தெரியவில்லை. பதிவு முடிந்தது. ஆசைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கேசட்டைத் திரும்ப ஓடவிட்டேன். பாதியில் கரகரவென்று சத்தம். டெக்கு நாடாவைத் தின்றுவிட்டது. ரப்பர் உருளை கல்லாகிப் போயிருந்தது. வெளியே இழுத்தபோது ஒரு முழ நீளம் ஜரிகை மாதிரி சுருங்கி வந்தது.

அந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? அடுப்பில் பால் வைத்திருக்கிறது. பக்கத்தில் என் மனைவி நிற்கிறாள். வீடியோக்காரர் அவள் முகத்துக்கு நேராகக் கேமராவைக் கொண்டுபோகிறார். "என்னை எதுக்கு எடுக்கறீங்க, பாலை எடுங்க, பொங்குது பாருங்க" என்கிறாள். அவ்வளவுதான். இப்போது அந்த இடம் எனக்குக் கால் அளவு மங்கலில்தான் இருக்கிறது. அசல் இனிமேல் இல்லை.

இதில் வெட்கமான விஷயம் என்னவென்றால், அசலை எப்படிக் காப்பாற்றுவது என்று கற்றுக்கொடுத்து அதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் என்னைப் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் இருந்த பிரிவில் போட்டார்கள். நம்மூரில் எத்தா சிவில் என்று சொல்வோமே, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள், அவைதான். வருகிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பதிவேட்டில் ஓர் எழுத்தைக்கூட அழிக்கக்கூடாது. பிறந்த ஒருவர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டால் அதைப் பக்கத்து மார்ஜினில் குறிப்பாக எழுதுவார்கள். பிரெஞ்சில் மான்சியோன் மார்ழினால் என்று பெயர். உள்ளே எழுதியது எழுதியபடி இருக்கும், நடந்த மாறுதல் எல்லாம் ஓரத்தில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் சூப்பிரண்டு சொன்னது, "அசல்ல கை வைக்காதே. நகல்ல என்ன வேணா பண்ணு."

நாடா அறுந்த அன்றைக்கு எதிர்வீட்டுத் தம்பியிடம் போனேன். கல்யாண வீடியோ எடுத்து எடிட்டிங் செய்கிற பிள்ளை. அவர் கேசட்டின் மூடியைத் திறந்து பார்த்து, கசங்கிய பகுதியை நீக்கி ஒட்டிக் கொடுத்தார். மற்றக் கேசட்டுகளையும் வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். இரண்டில் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சணம். நம்மூர்க் கடல்காற்றின் ஈரம் செய்கிற வேலை. "இதை அப்படியே டெக்கில போட்டீங்கன்னா டெக்கும் போச்சு, அடுத்த கேசட்டும் போச்சு பெரியப்பா" என்றார். அவற்றைத் தனியே எடுத்துச் சுத்தம் செய்யக் கொடுத்தோம். டெக்கைப் பழுது பார்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து உருளையும் பெல்ட்டும் மாற்றினோம்.

மினி டி.வி. கேசட்டுகள் அவ்வளவு தொல்லை தரவில்லை. அதில் இருப்பதே டிஜிட்டல் பதிவு. பயர்வயர் என்ற கம்பி வழியாக எடுத்தால் ஒரு புள்ளி மாறாமல் அப்படியே நகலாகும். ஆனால் இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்தக் கம்பிக்கு வாயே கிடையாது. தம்பியின் ஸ்டூடியோ மூலையில் தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இருந்தது. பழைய சாமானைத் தூக்கிப் போடாத ஆள் பக்கத்தில் இருப்பதும் ஒரு பாக்கியம்தான்.

இனி கம்ப்யூட்டர் கதை. லேப்டாப் தாங்காது என்று தெரிந்ததும் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். "எடிட்டிங்குக்கு நல்லதா ஒண்ணு வேணும் தம்பி" என்றேன். "கேமிங் மாடலே போட்டுத் தரேன் சார், எல்லாத்துக்கும் வரும்" என்றார். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் தேர்த் திருவிழா சீரியல் லைட் மாதிரி சிவப்பும் பச்சையும் ஓடுகிறது. பேத்தி தன் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவை எடிட்டிங்கில் போட்டேன். இரண்டு வினாடி ஓடும், நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். திக்குவாய் மாதிரி.

எதிர்வீட்டுத் தம்பி வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். ரேம் 94 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். "லைட்டுக்குச் செலவு பண்ணியிருக்காங்க பெரியப்பா" என்றார். உள்ளே இருந்தது 8 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், படம் காட்ட மட்டும் பழைய சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒன்று. பிராசசர் இன்டெல் ஐ-5தான், ஆனால் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று ஓர் எழுத்து. அந்த எஃப் இருந்தால் பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. சுருக்கி வைத்த வீடியோவை விரிப்பதற்கென்றே அதில் குயிக் சிங்க் என்று ஒரு பகுதி உண்டு, அதுவும் சேர்ந்து போய்விடும். நல்ல கிராபிக்ஸ் கார்டு தனியாக இருந்தால் அது இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு அதுவும் இல்லை. நான் ஓரெழுத்தைக் கவனிக்கவில்லை. பதிவேட்டில் ஓரெழுத்து மாறினால் பென்ஷன் நிற்கும் என்று நாலு பேருக்குப் புத்தி சொன்னவன் நான்!

கடைக்காரரை மட்டும் குறை சொல்லமாட்டேன். நான் என்ன எடிட் செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்லவே இல்லையே. டாக்டரிடம் போய் என்ன வலி என்று சொல்லாமல் நல்ல மாத்திரை கொடுங்கள் என்று கேட்ட மாதிரிதான். அடுத்த நாள் தம்பியோடு போய் எஃப் இல்லாத பிராசசராக மாற்றினோம். வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு பழையதை அவர் எடுத்துக்கொண்டார். ரேமை 32 ஜி.பி. ஆக்கினோம். 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டோம். சுழலும் டிஸ்க் வினாடிக்கு 150 எம்.பி. போல படிக்கும், இது 3000 எம்.பி.க்குப் பக்கத்தில் படிக்கிறது. சீரியல் லைட்டின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

அன்று ராத்திரி பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். இதைக் கடைக்குப் போவதற்கு முன்னால் போட்டிருக்கவேண்டும். என் கேசட்டுகள் மொத்தம் 18 மணி நேரம். டி.வி. முறையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும். 18 தடவை 13, ஆக 234 ஜி.பி. படிக்கத் தேவையான வேகம் வினாடிக்கு 4 எம்.பி.கூட இல்லை. அதாவது என் கேசட்டுகளுக்கு அந்தச் சுழலும் டிஸ்க்கே தாராளம்! இந்த ஆர்ப்பாட்டம் எல்லாம் பேத்தியின் போன் வீடியோவுக்காகத்தான்.

ஏன் அப்படி? இது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. போனில் எடுக்கும் 4-கே படம், என் டி.வி. கேசட்டின் படத்தைப் போல சரியாக 20 மடங்கு. ஆனால் ஒரு நிமிஷத்துக்குப் போன் வீடியோ சுமார் 170 எம்.பி.தான், கேசட் 216 எம்.பி. இருபது மடங்கு பெரிய படம் எப்படிச் சின்னப் பெட்டியில் அடங்கியது?

ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். டி.வி. என்பது ஒவ்வொரு வரியிலும் பேர், ஊர், தொகை எல்லாவற்றையும் முழுக்க எழுதிய பதிவேடு. எந்த வரியைத் திறந்தாலும் உடனே படிக்கலாம். போன் வீடியோ என்பது முதல் வரியை மட்டும் முழுக்க எழுதிவிட்டு, கீழே எல்லாம் 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டு, மாறினதை மட்டும் எழுதிய பதிவேடு. காகிதம் மிச்சம். ஆனால் நாற்பதாவது வரியில் என்ன என்று கேட்டால், மேலே போய் முதல் வரியிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். எடிட்டிங் என்பதோ, முன்னும் பின்னும் போய்க் கண்ட வரியைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை. கம்ப்யூட்டர் திக்காமல் என்ன செய்யும்?

இதற்கும் வழி உண்டு. புராக்சி என்று ஒரு வசதி. பெரிய வீடியோக்களுக்கெல்லாம் சின்னதாக, சுலபமாகப் படிக்கும்படி ஒரு வேலை நகலைக் கம்ப்யூட்டரே எடுத்து வைத்துக்கொள்ளும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அந்த நகலை வைத்து. கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது மட்டும் அசலிலிருந்து எடுத்துக்கொள்ளும். டிராப்ட் எத்தனை தடவை அடித்துத் திருத்தினாலும் ரெக்கார்டு ரூமில் இருக்கிற பைல் கசங்குவதில்லை அல்லவா? இது தெரிந்திருந்தால் இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை. எடிட்டிங் சாப்ட்வேரும் அப்படித்தான் என்று தெரிந்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நாம் வெட்டுவது எதுவும் வீடியோவை வெட்டுவதில்லை. இந்த வினாடியிலிருந்து இந்த வினாடி வரை காட்டு என்று ஒரு குறிப்பைத்தான் எழுதி வைக்கிறது. பழைய மார்ஜின் குறிப்பேதான்.

சாப்ட்வேரில் டாவின்சி ரிசால்வ் என்பதைத் தம்பி சிபாரிசு செய்தார். அதன் இலவசப் பதிப்பே நிறைய வேலை செய்யும், ஆனால் கிராபிக்ஸ் கார்டைக் கசக்கிப் பிழியும். எனக்குக் கேடென்லைவ் என்ற இலவச சாப்ட்வேர் ஒத்துவந்தது. அதைப் பிரெஞ்சில் மாற்றி வைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் டெக்னிக்கல் வார்த்தை எனக்குச் சட்டென்று ஏறாது, பிரெஞ்சில் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தம்பிதான் பாவம், உதவி செய்ய வந்து எந்த மெனு எங்கே என்று தெரியாமல் முழித்தார். கம்ப்யூட்டர் வீடியோ உலகத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கை நிறைய இருக்கிறது. நாம் எல்லோரும் படம் பார்க்கிற வி.எல்.சி. பாரீசின் எக்கோல் சென்த்ரால் மாணவர்கள் 1996-ல் ஆரம்பித்த வேலை. கேடென்லைவ் உட்படப் பல சாப்ட்வேர்களுக்கு அடியில் ஓடுகிற எஃப்.எஃப்.எம்பெக்கை 2000-ல் தொடங்கியவர் பாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர்.

அமைப்புகளில் நான் திண்டாடியது மூன்று இடத்தில். முதலாவது வேகம். என் கேசட் வினாடிக்கு 25 படம், பேத்தியின் போன் 30. இரண்டையும் கலந்தால் நடை தடுக்குகிறது. அதோடு, நம்மூர் மின்சாரமும் பிரான்ஸ் மின்சாரமும் 50 சுற்று என்பதால், டியூப்லைட் வெளிச்சத்தில் 30-ல் எடுத்தால் படம் படபடக்கலாம். அவளுடைய ஐபோன் கேமரா அமைப்பில் பால் வடிவங்களைக் காட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு 25-க்கு மாற்றச் சொன்னேன். சேகாமும் பாலும் ஒத்துப்போன அதே 25!

இரண்டாவது, பழைய வீடியோவில் ஒரு படம் என்பது இரண்டு பாதி. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைப்படைக் கோடுகள் இன்னொரு பாதி. கம்ப்யூட்டரில் அப்படியே பார்த்தால் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். அதை நீக்கும்போது ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக்கி வினாடிக்கு 50 ஆக வைத்துக்கொண்டால் அசைவு கேசட்டில் இருந்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்றாவது, படத்தின் வடிவம். பழையது நாலுக்கு மூன்று. இப்போதைய டி.வி. பதினாறுக்கு ஒன்பது. இழுத்து நிரப்பு என்று போட்டால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். என் மனைவி அதைப் பார்த்திருந்தால் ஒரு வாரம் பேசியிருக்கமாட்டாள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் உண்மையான வேலை. 18 மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நீளநோட்டில் கோடு போட்டு, கேசட் எண், நிமிஷம், வினாடி, விவரம் என்று உள்வரவுப் பதிவேடு மாதிரி எழுதினேன். முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். என் மனைவியின் முகம் தெரிகிற நேரம் மொத்தம் 31 நிமிஷம். பதினெட்டு மணி நேரத்தில் முப்பத்தொரு நிமிஷம்! வீடியோக்காரர்கள் மேடையை எடுத்தார்கள், மொய் எழுதுவதை எடுத்தார்கள், வந்த பெரிய மனிதர்களை எடுத்தார்கள், சட்டைப்பையில் பேனா வைத்துக்கொண்டு அங்குமிங்கும் அலைகிற என்னை எடுத்தார்கள். அவள் சமையல்கட்டில் இருந்தாள்.

ஆனால் குரல் இருந்தது. கேமரா எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், பின்னால் அவள் குரல் கேட்கும். "இலை போடச் சொல்லுங்க." "அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுங்க யாராவது." "ஏங்க, எங்க போயிட்டீங்க?" இப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வந்தது. எல்லாம் விழா தொடங்குவதற்கு முன்னாலும் முடிந்த பின்னாலும், கேமராவை அணைக்க மறந்த இடங்களிலும்.

அந்தச் சமயத்தில் எதிர்வீட்டுத் தம்பி ஆசையாக ஒரு படம் தொகுத்துக் கொண்டுவந்தார். ஆறு நிமிஷம். நல்ல இடமாகப் பார்த்துப் பொறுக்கி, மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் பாட்டுப் போட்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். "தம்பி, இதுல அவ ஊமையா இருக்காளே" என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. "நாங்க வேஸ்ட்டுன்னு தூக்கிப் போடறதுலதான் பெரியம்மா இருக்காங்க, இல்ல?" என்றார்.

எடிட்டிங்குக்குப் பிரெஞ்சில் மோன்தாழ் என்பார்கள், ஏற்றிப் பொருத்துவது என்று பொருள். இங்கிலீஷில் எடிட் என்றால் எனக்கு வெட்டுவதுதான் ஞாபகம் வரும். தமிழில் படத்தொகுப்பு என்கிறோம். தொகுப்பது, சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்ப்பது. நான் செய்தது அதைத்தான்.

பாட்டே போடவில்லை. மின்விசிறி இரைச்சலைக் குறைக்கலாம் என்று அந்த வசதியைக் கூட்டிப் பார்த்தேன். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. உடனே பழையபடி குறைத்தேன். இரைச்சல் இருக்கட்டும், அந்த வீட்டில் மின்விசிறி இரைச்சல் இருந்தது உண்மைதானே. பால் பொங்குகிற அந்த மங்கல் காட்சியைப் பெரிதாக்காமல், திரையின் நடுவில் சின்னச் சதுரமாகவே வைத்தேன். படம் மங்கல்தான், ஒலி தெளிவாக இருக்கிறது. மொத்தம் 42 நிமிஷம் வந்தது.

கடைசியாகக் காப்பி விஷயம். நான் பார்த்த பதிவேடுகள் பிரெஞ்சு ஆட்சியில் ஒன்றுக்கு மேல் எழுதப்பட்டவை. 1776-லேயே பதினாறாம் லூயி மன்னர் காலத்தில் ஆணை போட்டார்கள், காலனிகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளில் ஒரு நகல் கடல் கடந்து வெர்சாய்க்கு வந்து சேரவேண்டும் என்று. ஈரத்தையும் கரையானையும் நம்பமுடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நகல்கள் இன்று தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளும் மூன்று காப்பி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று சொல்கிறார்கள். இருநூற்றைம்பது வருஷத்துப் பழைய புத்திதான். என் கோப்புகள் ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பீரோவில் வைத்த தனி டிஸ்க்கில், மூன்றாவது பிரான்சில் மகள் வீட்டில்.

பரணில் கேசட் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

1. கம்ப்யூட்டர் வாங்குமுன் உங்களிடம் என்ன வீடியோ, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்காரரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

2. கேசட் மட்டும் என்றால் சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். போன் வீடியோவும் சேர்ந்தால் 16 ஜி.பி. ரேமாவது, ஓர் எஸ்.எஸ்.டி., வீடியோவை விரிக்கத் தெரிந்த பிராசசர் அல்லது கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அப்போதும் திக்கினால் புராக்சி போடுங்கள்.

3. டெக்கைப் பழுது பார்க்காமல் கேசட்டைப் போடாதீர்கள். பூஞ்சணம் தெரிந்தால் போடவே போடாதீர்கள்.

4. பால் முறை, முழு அளவு. இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

5. நகல் எடுத்த பிறகும் அசல் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அண்ணன் மகளிடம் அவர்கள் வீட்டுக் கேசட்டின் நகல் கேட்டிருந்தேன். அங்கேயே டிஜிட்டலாக மாற்றி அனுப்பினாள். திறந்து பார்த்தேன். அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள்ல பார்டர். முப்பத்தேழு வருஷம் கழித்து நிறம் வந்தது. சொன்னவள்தான் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி கூப்பிட்டாள். 42 நிமிஷத்தையும் ஒரே மூச்சில் பார்த்தாளாம். அழுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். சிரிக்கிறாள். "ஆயா எல்லாரையும் வேலை வாங்கிக்கிட்டே இருக்கு தாத்தா!" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அம்மா மாதிரியே பேசுது" என்றாள்.

எனக்கு அது இத்தனை நாள் தோன்றவே இல்லை. வாரா வாரம் மகளிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.